வாலுக்குப் பத்து ஷில்லிங்

என் தொழில் பின்பக்கமாக நடப்பது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துக்கொள்ளலாம், நான் காத்திருக்கிறேன்.

நான்கு குதிரைகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, ஒவ்வொன்றின் வாலையும் கலப்பையின் ஏர்க்காலோடு பிணைத்துக் கட்டி, ஒருவன் மேழியைப் பிடித்துக்கொண்டால் மட்டும் உழவு நடந்துவிடாது. குதிரைகளின் முகத்துக்கு எதிரே கோலும் கையுமாக ஒருவன் நிற்க வேண்டும். அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போக வேண்டும். டிரம்கலன் ஊரில் அந்த ஒருவன் நான், லாக்லன். எனக்குக் குதிரை கிடையாது, கலப்பை கிடையாது. ஆறு குடும்பங்கள் சேர்ந்து உழும் நிலத்தில் என் குடும்பத்தின் பங்கு என்னுடைய இரண்டு குதிகால்கள்தான்.

வாலிலா கட்டுவார்கள் என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் மண்ணைப் பார்த்ததில்லை. எர்ன் ஏரிக்கரையில் ஒரு சாண் மண்ணுக்கு ஒரு கல் கிடக்கும். கலப்பை கல்லில் இடித்ததும் வாலில் சுருக்கென்று இழுக்கும், குதிரை அந்தக் கணமே நின்றுவிடும், மரக் கலப்பை பிழைத்துக்கொள்ளும். குதிரைக்கு இது பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. எனக்குப் பின்பக்கமாக நடக்கப் பிடித்திருக்கிறதா என்றும் யாரும் கேட்டதில்லை.

இப்படி இருந்த ஊருக்குத்தான் கேப்டன் தர்க்கெல் வந்து சேர்ந்தார். கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜா நடத்திய சண்டையில் அவர் ஏதோ சேவை செய்தாராம். என்ன சேவை என்று கேட்டவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்குக் கூலியாக எங்கள் ஊரையும் சுற்றியிருந்த ஏழு ஊர்களையும் அவர் பெயருக்கு எழுதிவிட்டார்கள். அது போதவில்லை என்று அவர் முனகியதால், கூடவே எங்கள் குதிரைகளின் வால்களையும் கொடுத்தார்கள்.

அதாவது, வாலில் கட்டி உழுவது காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு சட்டம். மீறினால் வருடத்துக்குப் பத்து ஷில்லிங் அபராதம். அந்த அபராதத்தை வசூலித்து, அரசாங்கத்துக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொள்ளும் உரிமை கேப்டனுக்கு. எங்களைத் திருத்துவதற்காக அவர் திறந்த இடத்தின் பெயர் கலப்பை மேம்பாட்டு அலுவலகம்.

சட்டத்தைச் சந்தையில் வைத்து வாசித்தார்கள். கேப்டன் குதிரைமேல் இருந்தபடி பேசினார். அவருடைய குமாஸ்தா நட்டல் அதை எங்கள் பேச்சில் சொன்னார். நட்டல் எங்கள் மொழியை வசூல் செய்தே கற்றுக்கொண்டவர். எண்கள் எல்லாம் சுத்தமாக வரும், நலமா என்று கேட்க மட்டும் வராது.

"வாயில்லாப் பிராணிய்யா அது!" என்றார் கேப்டன். "அதோட வால்ல கலப்பையைக் கட்டறீங்களே, உங்களுக்கு நெஞ்சு இருக்கா? கடவுள் வாலைக் குடுத்தது எதுக்கு? ஈ விரட்ட. அந்த வாலைக் காப்பாத்தத்தான் நான் கடல் தாண்டி வந்திருக்கேன். உங்க குதிரைங்களோட கண்ணீர் என்னைத் தூங்க விடல."

அவர் கண்ணே கலங்கிவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேருக்கும் கலங்கியது. என் பக்கத்தில் நின்ற நூலா மட்டும் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபெலிம் காரிகனின் மனைவி அவள். ஃபெலிம்தான் எங்கள் ஏரில் மேழி பிடிப்பவன்.

"லாக்லன், இந்தப் பக்கம் வந்து பாரு. அவர் உக்காந்திருக்கற குதிரைக்கு வாலையே காணோம்."

பார்த்தேன். உண்மைதான். அவர்கள் ஊர் மோஸ்தர்ப்படி வாலை நாலு விரல் விட்டு ஒட்ட நறுக்கியிருந்தார்கள். ஈ மொய்க்க மொய்க்க, அந்தக் குதிரை விரட்ட வழியில்லாமல் நாலு காலையும் மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தது. கேப்டன் பேச்சை நிறுத்தி நிறுத்திச் சேணத்தைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வருடம் கலப்பைக்குப் பத்து ஷில்லிங் வாங்கினார்கள். இரண்டாம் வருடம் அலுவலகம் ஆராய்ச்சி செய்து, குற்றம் செய்தது கலப்பை அல்ல, வால்தான் என்று கண்டுபிடித்தது. அன்றிலிருந்து வாலுக்குப் பத்து ஷில்லிங். கட்டியவர்களுக்கு ஓர் ஈய வில்லை தருவார்கள். அதைக் குற்றம் நடக்கும் இடத்திலேயே, அதாவது வாலிலேயே, தொங்கவிட வேண்டும். வில்லை இல்லாத வால் இரட்டைக் குற்றம். குதிரை செத்தால் வாலை அறுத்துக் கொண்டுபோய்க் காட்டினால்தான் பேரேட்டில் அதன் பேரை அடிப்பார்கள். மூன்றாம் வருடத்துக்குள் வால் மேற்பார்வையாளர்கள் இருவர், அவர்களை மேற்பார்க்க ஒருவர், வில்லை வார்க்க ஒருவர் என்று அலுவலகம் வளர்ந்துவிட்டது. எங்கள் குதிரைகள் எல்லாம் வாலில் வில்லை ஆட ஆட, ராஜாவின் முத்திரையோடு காட்டுமிராண்டித்தனம் செய்துகொண்டிருந்தன.

ஒருவருக்கும் இதில் குழப்பம் இல்லை. கேப்டன் எங்களைத் திருத்துகிறார், நாங்கள் திருந்தாமல் அதற்குப் பணம் கட்டுகிறோம், அவ்வளவுதான். பணத்துக்காக வெண்ணெயை விற்றோம், கன்றை விற்றோம், பல்லைக் கடித்துக்கொண்டோம்.

ஃபெலிம் ஒருவனுக்குத்தான் குழப்பம் வந்தது. அவன் கேப்டனின் பேச்சை நம்பிவிட்டான்.

ஃபெலிமிடம் ரூவா என்று ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை இருந்தது. எங்கள் ஏரில் முதல் குதிரை அதுதான். அது போகிற வழியில்தான் மற்றவை போகும். அதன் வால் பழைய துடைப்பமாகத் தேய்ந்து போயிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபெலிம் அடுப்படியில் உட்கார்ந்து வைக்கோலைத் திரித்துத் திரித்து ஒரு தடித்த கழுத்துப் பட்டை பின்னினான். இரண்டு பக்கமும் இழுகயிறு வைத்தான்.

"எனக்கு ஒரு கூடை முடைஞ்சு குடுன்னு நாலு வருஷமா கேக்கறேன்," என்றாள் நூலா. "குதிரைக்கு மாலை கட்டிட்டு உக்காந்திருக்கான் மனுஷன்."

மார்ச் கடைசியில் அதை ரூவாவின் கழுத்தில் மாட்டி, சின்னக் கலப்பையைப் பூட்டினான். ஊரே வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. மனஸ் என்று ஒருவன், ஊரிலேயே குரல் பெரியவன், "கல்லுல இடிச்சா கலப்பை சுக்குநூறாயிடும்டா!" என்று கத்தினான். அவன் சொன்னது நியாயம்தான். வாலில் வலித்தால் நிற்கும் குதிரை, கழுத்தில் பட்டை இருந்தால் நிற்காது.

ஆனால் எனக்குக் குதிகால் இருக்கிறதே. இருபது வருடமாக வெறுங்காலோடு பின்னால் நடக்கிறவனுக்குக் கல் எங்கே இருக்கிறது என்று மண்ணே சொல்லும். குதிகாலில் நெருடியதும் "ஹோ!" என்று கூவினேன். ரூவா நின்றது, ஃபெலிம் கலப்பையைத் தூக்கிக் கல்லைத் தாண்டி வைத்தான். மாலைக்குள் ஒரு துண்டு நிலம் முடிந்தது. கலப்பைக்கு ஒரு கீறல் இல்லை. பட்டையைக் கழற்றியதும் ரூவா தன் வாலைத் தானே திரும்பிப் பார்த்தது. ஃபெலிமின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"நாளைக்கே போய் அலுவலகத்துல சொல்லிடறேன். சந்தோஷப்படுவாங்க," என்றான்.

துணைக்கு நானும் போனேன். நட்டல் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எத்தனை வால்?"

"வால் இல்லீங்கய்யா."

"செத்துப்போச்சா? அறுத்துக் கொண்டாந்தியா?"

"சாகலீங்க. நல்லா இருக்கு. வால்ல கட்டறத விட்டுட்டேன். கழுத்துல பட்டை போட்டு உழறேன். துரை சொன்ன மாதிரியே."

பேனா நின்றது. "துரை எப்பச் சொன்னாரு?"

"சந்தையிலீங்க. அழுதுகிட்டே சொன்னாரே."

"அது பேச்சுய்யா!" நட்டல் பேரேட்டை எங்கள் பக்கம் திருப்பினார். "இங்க பாரு. ஃபெலிம் காரிகன். இந்த வருஷம் குற்றம். அடுத்த வருஷம் குற்றம். இப்படியே இருபத்தோரு வருஷத்துக்கு எழுதி, மை காஞ்சாச்சு. உனக்கு அறுபது வயசு ஆகற வரைக்கும் நீ குத்தம் பண்ணிட்டிருக்க. நடுவுல வந்து விட்டுட்டேங்கற. யாரைக் கேட்டு விட்ட?"

"நல்லதுதானேங்கய்யா?"

"நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ணத்தான் அலுவலகம் இருக்கு."

சத்தம் கேட்டுக் கேப்டனே உள்ளிருந்து வந்தார். கையில் சுருட்டிய பெரிய தாள். அவர் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் படம் அது. நட்டல் விஷயத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம்கூட வரவில்லை, மனம் உடைந்துவிட்டார். படத்தை மேசையில் விரித்தார்.

"இங்க வா. இது மாடிப்படி. இது தெற்குப் பக்கம் பதினாலு ஜன்னல். இதுல ஒவ்வொரு கல்லும் நான் உங்க மேல வெச்ச நம்பிக்கை. நீங்க திருந்தவே மாட்டீங்கங்கற நம்பிக்கை. அதை வெச்சுத்தான் லண்டன்ல ஒருத்தர் எனக்குக் கடன் குடுத்தாரு. நீ பாட்டுக்கு ஒரு வைக்கோலை முறுக்கி அதுல மண்ணள்ளிப் போட்டுட்ட."

"மன்னிச்சுக்கங்க துரை," என்றான் ஃபெலிம். உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"நீ திருந்தறதுல எனக்கு ஆட்சேபணை இல்லப்பா. ஆனா எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல நீ குத்தம் பண்ணணும். நாங்க பாக்கணும். அபராதம் போடணும். அதுக்கப்புறம் நீ வெக்கப்படணும். வெக்கப்பட்டதை மனுவா எழுதிக் குடுத்தா பரிசீலிப்போம். குத்தமே பண்ணாம திருந்தறவனை என்னன்னு சொல்றது? அவன் ராஜாவை ஏமாத்தறான்."

அன்று மாலையே மேற்பார்வையாளர்கள் வந்து ரூவாவைப் பட்டியில் அடைத்தார்கள். குற்றத்தின் பெயர்: அனுமதியின்றித் திருந்துதல். ஃபெலிம் ஒருநாள், நட்டலின் கண் முன்னால், ரூவாவின் வாலில் கலப்பையைக் கட்டி ஓட்டிக் காட்டி, அபராதம் கட்டி, வில்லை வாங்கிக்கொண்டால் குதிரை திரும்பக் கிடைக்கும். அதுவரை குற்றம் நடக்காத இடமான எங்கள் நிலத்தில் எந்தக் கலப்பையும் இறங்கக் கூடாது என்று வேலியில் ஓர் உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஆறு குடும்பத்தின் நிலம் அது. எங்கள் குத்தகைச் சீட்டில் ஒரு வரி இருந்தது: மே முதல் தேதி விடியும்போது விதை விழாமல் கிடக்கும் நிலம் தரிசு. தரிசு கேப்டனுக்குத் திரும்பிவிடும். அவர் அதைக் கடல் தாண்டி வந்த குடியேறிகளுக்குக் கொடுப்பார், நாங்கள் மலைப்பக்கம் போக வேண்டியதுதான். உழுதால் அபராதம், உழாவிட்டால் தரிசு. எந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்கு நஷ்டமில்லாத மாதிரி எழுதிய சீட்டு.

ஏப்ரல் இரண்டு வாரம் போனது. பக்கத்து ஊர்களில் ஓட்ஸ் முளைக்கவே தொடங்கிவிட்டது. எங்கள் நிலத்தில் காக்கை நடந்தது. ஊரார் ஃபெலிமின் வீட்டு வாசலில் கூடினார்கள்.

"ஒருநாள்தான்டா," என்றான் மனஸ். "கட்டு, ஓட்டு, காசைத் தூக்கி எறி, குதிரையைக் கூட்டிட்டு வா. நம்ம பொழப்பே நிக்குது."

"மாட்டேன்."

"ஏன்டா?"

"எனக்குத் தெரியாதப்பக் கட்டினேன். இப்பத் தெரியும். தெரிஞ்சப்புறம் எப்படிக் கட்டறது?"

எனக்கு அவன்மேல் பயங்கரக் கோபம் வந்தது. "உன் நியாயத்தைச் சோத்துல போட்டுத் திங்க முடியுமா?" என்று நானும்தான் கத்தினேன். நூலா எங்களுக்கு மோர் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு, "கட்டுன்னு நானும்தான் சொல்லலாம்னு இருந்தேன்," என்றாளாம். "மனஸ் சொன்னவுடனே எனக்குப் பிடிக்காமப் போச்சு."

அப்போதுதான் டப்ளினிலிருந்து இரண்டு ஆணையர்கள் வருவதாகச் செய்தி வந்தது. மேம்பாடு எவ்வளவு நடந்திருக்கிறது என்று நேரில் பார்க்கப் போகிறார்களாம். கேப்டனுக்கு இக்கட்டு. மேம்பாடு நடக்கவில்லை என்றால் அலுவலகம் எதற்கு என்பார்கள். நடந்துவிட்டது என்றாலும் அலுவலகம் எதற்கு என்பார்கள். நோயும் இருக்க வேண்டும், மருந்தும் வேலை செய்ய வேண்டும். அதைக் காட்ட உழாத நிலம் ஒன்று வேண்டும், திருந்தியவன் ஒருவன் வேண்டும். வட்டாரத்தில் உழாமல் கிடந்த நிலம் எங்களுடையது மட்டும்தான். திருந்தியவனும் ஒருவன்தான்.

கேப்டன் தானே எங்கள் ஊருக்கு வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"ஃபெலிம், இருபத்துநாலாம் தேதி ரூவா உன்கிட்ட இருக்கும். நீ பட்டை போட்டு இடது பக்கம் உழுவ. மத்தவங்க அஞ்சு குதிரையையும் வால்ல கட்டி வலது பக்கம் உழுவாங்க. மருந்தும் நோயும் பக்கத்துப் பக்கத்துல."

"எங்களுக்கு நிலம் உழுதாப் போதும் துரை," என்றான் மனஸ். ஆசைதான் அவனுக்கு.

"ரொம்ப நல்லது. நட்டல், அந்த அஞ்சு வாலுக்கும் அபராதத்தை முன்கூட்டியே எழுதிக்க."

"அதான் இந்த வருஷத்துக்குக் கட்டிட்டோமே! வால்ல வில்லை தொங்குதே!"

"அது நீங்க உங்களுக்காகப் பண்ற குத்தத்துக்கு. இது ஆணையர் முன்னாடி பண்றது. தனிக் குத்தம்."

மனஸின் வாழ்க்கையில் குரல் வராமல் போனது அன்று ஒருநாள்தான். கேப்டனின் குதிரை வளைவு திரும்பியதும், அவன் நேராக ஃபெலிமிடம் வந்தான்.

"டே, அந்தப் பட்டையை எப்படித் திரிக்கற? முறுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

இருபத்துநாலாம் தேதி நல்ல வெயில். வேலிக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டு, பன்றித் தொடையும் சாராயமும் வைத்து ஆணையர்களை உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் தடித்தவர், ஒருவர் ஒல்லி. கேப்டன் குதிரைமேல் இருந்தபடி கையை வீசி விளக்கினார்.

"கனவான்களே, வலது பக்கம் இந்த மக்களின் இருட்டு. இடது பக்கம் என் அலுவலகத்தின் வெளிச்சம். இப்போது பாருங்கள், அந்தக் கொடூரத்தை! கட்டுங்கள்!"

மனஸ் தான் போர்த்தியிருந்த போர்வையை விலக்கினான். உள்ளே வைக்கோல் பட்டை. அவனுக்கு அடுத்தவன் விலக்கினான். அவனுக்கு அடுத்தவனும். ஐந்து குதிரைகளின் கழுத்திலும் பட்டை ஏறியது. ரூவாவோடு ஆறு. மூன்று குதிரைக்கு ஒரு ஏராக இரண்டு ஏர். நான் இரண்டுக்கும் நடுவில் நின்று கோலைத் தூக்கிக் கூவினேன். ஆறு குதிரைகளும் என்னைப் பார்த்துக்கொண்டே நடந்தன, நான் பின்னால் போனேன், குதிகால் கல்லைச் சொன்னது. வால்கள் ஈயை விரட்டிக்கொண்டு சும்மா ஆடின.

"அருமை!" என்றார் தடித்த ஆணையர். "ஒரு வாலில்கூடக் கட்டவில்லையே. பூரண மேம்பாடு!"

கேப்டனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "டேய், நிறுத்துங்கடா! வால்ல கட்டுங்கடா! எத்தனை தடவை சொல்லியிருக்கேன், வால்ல கட்டுங்கன்னு!"

ஒல்லி ஆணையர் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குப் புரியல கேப்டன். கட்டணுமா, கட்டக் கூடாதா?"

"கட்டக் கூடாதுங்க. அதான் சட்டம். ஆனா அவங்க கட்டினாத்தானே சட்டம் உயிரோட இருக்கும்? நான் மூணு வருஷமா இந்தக் கொடூரத்தை ஒழிக்கப் பாடுபட்டு, கஷ்டப்பட்டு அதைக் காப்பாத்திட்டு வர்றேன். இந்த நன்றிகெட்ட ஜனங்க ஒரே நாள்ல என்னைத் தெருவுல விட்டுட்டாங்க!"

வேலி ஓரத்தில் நின்ற எங்கள் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கேப்டனின் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஃபெலிம் ரூவாவின் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆணையர்கள் தலையைத் தலையோடு வைத்துப் பேசினார்கள். பிறகு தடித்தவர் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கேப்டன், மனசை விடாதீங்க. மேம்பாடு உங்க சாதனை. அறிக்கையில அப்படியே எழுதறோம். ஆனா ஒரு மேம்பாட்டால வருமானம் குறைஞ்சா அதை மேம்பாடுன்னு யார் ஒத்துப்பா? அதனால, பட்டை போட்ட கழுத்துக்குப் பதினஞ்சு ஷில்லிங். வசதி கூடியிருக்கு பாருங்க, அதுக்கு அஞ்சு கூட. வாலுக்குப் பத்து அப்படியே இருக்கட்டும், திருந்தாதவங்களுக்கு."

"எப்பலேருந்து ஐயா?" என்று நட்டல் பேனாவை எடுத்தார்.

"இன்னைக்குக் காலையிலேருந்து."

எங்களிடம் அவ்வளவு பணம் ஏது? அந்த இடத்திலேயே ஆறு குதிரைகளையும் பட்டையோடு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு புரண்டிருந்தது. மே முதல் தேதிக்கு ஆறு நாள் மட்டும் இருந்தது. ரூவா போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஃபெலிம் வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

"சரி, அழுதாச்சா?" என்றாள் நூலா. "எழுந்திரு. லாக்லன், அந்த வேலியில ஒட்டியிருக்கே உத்தரவு, அதுல என்ன போட்டிருக்காம்?"

"எந்தக் கலப்பையும் இறங்கக் கூடாதுன்னு."

"கலப்பைன்னு மட்டும்தானே?"

அவள் வீட்டுக்குள் போய் மண்வெட்டியோடு வந்தாள். எங்கள் ஊர் மண்வெட்டி நீளக் காம்பும் குறுகிய அலகும் உள்ளது. காலால் மிதித்து இறக்க வேண்டும். மண்ணைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓர் அடி பின்னால் வைக்க வேண்டும். ஏரிக்கரைச் சதுப்பில் நாங்கள் கொத்துவது அதில்தான். இவ்வளவு பெரிய நிலத்தை யாரும் அதில் கொத்தியதில்லை.

மறுநாள் காலையில் இருபத்தேழு பேர் வரிசையாக நின்றோம். ஆண், பெண், கால் எட்டுகிற பிள்ளைகள் எல்லோரும். வேலி ஓரம் தொடங்கி, மிதித்து, புரட்டி, பின்னால் ஓர் அடி. முதல் நாள் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். பின்னால் நடப்பது அவ்வளவு லேசில்லை. பாதத்தை எப்படித் தேய்த்து வைப்பது, குதிகாலால் கல்லை எப்படிக் கேட்பது என்று வரிசை நெடுகப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். மனஸ் மூன்று முறை மல்லாந்து விழுந்து மூன்று முறையும் கேப்டனின் குலத்தையே திட்டினான்.

ஐந்தாம் நாள் நட்டல் வந்தார். பேரேட்டை விரித்துக்கொண்டு வேலி நெடுக நடந்தார்.

"வால் எங்க?"

"பட்டியில."

"கழுத்து?"

"அதுவும் அங்கதான். ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கும்," என்றாள் நூலா.

நட்டல் பக்கங்களைப் புரட்டினார். வாலுக்கு ஒரு பக்கம் இருந்தது, கழுத்துக்கு அன்றுதான் தைத்த புதுப் பக்கம் இருந்தது. பாதத்துக்குப் பக்கம் இல்லை. "இது என்ன குத்தம்?" என்று எங்களையே கேட்டார். யாரும் அவருக்கு உதவவில்லை. அவர் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கேப்டனை அழைத்துவந்தார்.

கேப்டன் குதிரையை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். சூரியன் சாய இன்னும் நேரமிருந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து ஈக்கள் எழும்பியிருந்தன. மறுநாள் ஏப்ரல் கடைசி. அவருடைய தீனியை ஆறு குதிரைகளும் தின்று தீர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கொண்டுபோன பத்தாம் நாள் அவரே அவற்றை அவிழ்த்துத் துரத்திவிட்டார். ரூவா வழி கேட்காமல் வீடு வந்து சேர்ந்தது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அன்றைக்கு எங்களிடம் இன்னும் கொத்தாத கடைசிப் பத்தி நிலமும் ஒரு மூட்டை விதையும்தான் இருந்தன.

கடைசிப் பத்தியை அவர் நின்ற வேலியடியிலிருந்தே தொடங்கினோம். மிதி, புரட்டு, பின்னால் ஓர் அடி. இருபத்தேழு முகங்களும் அவர் பக்கம். தலையைக் குனிந்தால் மண், நிமிர்ந்தால் அவர்.

"எதுக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார்.

மிதித்தோம், புரட்டினோம், ஓர் அடி வைத்தோம்.

"நட்டல், என்னைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லு!"

"அதுக்குச் சட்டம் இல்லீங்களே துரை."

ஃபெலிம் வரிசையின் நடுவில் இருந்தான். இத்தனை நாளும் எதைக் கேட்டாலும் மன்னிச்சுக்கங்க துரை என்றே ஆரம்பிக்கிறவன். அன்றைக்கு மண்வெட்டியில் கால் வைத்தபடி நிமிர்ந்தான்.

"வேலை அப்படி துரை. நீங்க திருத்த வந்த ஆளுங்க நாங்க. பாருங்க, நல்லாப் பாருங்க. நாங்க எங்கயும் போகல."

நூலாவும் இன்னும் இரண்டு பெண்களும் எங்களுக்கு முன்னால் புரண்ட மண்ணில், எங்களைப் போலவே பின்னால் அடி வைத்து, விதையை வீசிக்கொண்டே வந்தார்கள். விதை அவருடைய குதிரையின் குளம்புவரை போய் விழுந்தது. அவர் நகரவில்லை. என்ன குற்றம் என்று கண்டுபிடிக்கும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அதற்குள் ஈக்கள் கூடிவிட்டன. எங்கள் மேலும்தான் மொய்த்தன. நாங்கள் கையால் தட்டிக்கொண்டோம். அவருடைய குதிரை தோலைச் சிலுப்பியது, நறுக்கிய நாலு விரல் வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டியது, எதையும் எட்டவில்லை. ஒரு காலை உதைத்தது, பிறகு எல்லாக் காலையும். கேப்டன் கடிவாளத்தை இறுக்கி, "நில்லு! நில்லுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். அது நிற்கவில்லை. திரும்பி, அவரையும் சுமந்துகொண்டு சாலை வழியே ஓடியது.

அவருடைய முதுகு வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டே, இருபத்தேழு பேரும் இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தோம்.